நள்ளிரவில் அலறிய சங்கும் யுங்னர் என்னும் ஸ்வீடன் நாட்டவரும்



மூன்று வாரங்களாக என் பழைய மகிழுந்து நள்ளிரவில் தானாகவே அலறிக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு 2 மணிக்கு. ஓடிச் சென்று பார்த்தேன். கதவு பூட்டியபடியே இருந்தது, கண்ணாடி உடையவில்லை, அருகில் ஒரு பூனைகூட இல்லை. சாவியை அழுத்தினேன், அடங்கியது. 4 மணிக்கு மீண்டும் அலறியது. முதல் வாரம் அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கெரிந்தது; சன்னல்கள் திறந்தன. இரண்டாம் வாரம் ஒரு சன்னலும் திறக்கவில்லை. 'புலி வருது, புலி வருது' என்று கத்திய சிறுவனின் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, அந்தச் சிறுவனே என் வீட்டு வாசலில் நிற்பதைப் போலிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணனின் தாயார் இருதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அண்ணன் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "என்னங்க டீச்சர், உங்க காருக்கும் தூக்கம் வரலையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, சங்கை முழுவதுமாக மாற்றுவது. ஐரோப்பிய மகிழுந்து என்பதால் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், பொருள் வந்து சேரவும் நாளாகும். மற்றொன்று, கம்பியை வெட்டிவிடுவது. "வெட்டி விட்டுடலாம் டீச்சர். அது கத்துனாலும் இப்ப யாரு வந்து பாக்குறா?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால், சங்கினுள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் அதன் குரல்வளையை அறுக்க மனம் வரவில்லை. உள்ளே இருந்தது ஒரு சிறிய மின்கலக் கட்டு. அது ஏன் அங்கே வந்தது, ஏன் கெட்டது என்று தேடப்போய் இருநூறு ஆண்டு வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டேன். ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

தொடக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்; நம் அறிவியல் நூல்களில் உள்ளதுதான். இத்தாலியர் அலெசாந்திரோ வோல்ட்டா 1800ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் இலண்டன் அரச கழகத் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தம் மின்கல அடுக்கை விளக்கினார். வெள்ளி அல்லது செப்புத் தகடு, துத்தநாகத் தகடு, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டை என மாறி மாறி அடுக்கினால் மின்னோட்டம் தொடர்ந்து கிடைத்தது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீர்ந்ததை மீண்டும் நிரப்ப முடியும் என்று 1859இல் காட்டியவர் பிரான்சு நாட்டவர் காஸ்தோன் பிளாந்தே. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி அவர் செய்த கலத்தின் வழிவந்ததுதான் நம் மகிழுந்துகளின் முன்பகுதியில் கனமாக அமர்ந்திருக்கும் பேட்டரி.

அந்த ஈயப் பேட்டரி ஒவ்வொரு மகிழுந்திலும் குடியேறக் காரணமானவர் அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் கெட்டரிங். அதற்குமுன் எந்திரத்தை உயிர்ப்பிக்க முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எந்திரம் எதிர்த்து உதைத்தால் கை முறியும். கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் காடிலாக் மகிழுந்துகளில் வந்தது. விளக்கு, ஒலிப்பான், பின்னாளில் திருட்டு எச்சரிக்கை என எல்லாமே அந்த ஒரே பேட்டரியைச் சார்ந்து நிற்கத் தொடங்கின. இந்த ஒற்றைச் சார்பைத் திருடர்கள் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை.

இனி, என்னை மிகவும் ஈர்த்த மனிதரிடம் வருகிறேன். வால்டெமார் யுங்னர் 1869இல் ஸ்வீடனில் பிறந்தவர். தந்தையார் திருச்சபைப் போதகர். உப்சாலா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இளமையிலேயே அவர் மனத்தைப் பிடித்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? ஓர் எச்சரிக்கைக் கருவி. வெப்பத்தால் உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிவதைப் பயன்படுத்தித் தீ எச்சரிக்கைக் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். எச்சரிக்கைக் கருவியின் தொல்லை நமக்குத் தெரியும்: ஆண்டுக்கணக்கில் சும்மா காத்திருக்க வேண்டும், ஆனால் ஒரே ஒரு நாள் வேண்டியபோது கட்டாயம் ஒலிக்க வேண்டும். அதற்கேற்ற மின்கலம் வேண்டும்.

ஈய-அமிலக் கலத்தில் அமிலமே வேதிவினையில் பங்கு கொள்கிறது. மின்னேற்றம் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போகும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகள் கெட்டிப்பட்டுப் பயனற்றுப் போகும். யுங்னர் வேறு வழியில் சிந்தித்தார். நீர்மம் மின்னைக் கடத்தும் பாதையாக மட்டும் இருக்கட்டும், வினை முடிவில் அது குறையவும் வேண்டாம் கூடவும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. அமிலத்துக்கு நேர்மாறான காரத்தைத் தேர்ந்தெடுத்தார்: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஒரு பக்கம் நிக்கல், மறுபக்கம் காட்மியம். 1899இல் நிக்கல்-காட்மியம் மின்கலம் பிறந்தது. காட்மியத்துக்குப் பதில் இரும்பையும் அவர் ஆராய்ந்தார். 1900இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் தாமஸ் எடிசனும் காரக் கலத்தைத்தான் துரத்திக்கொண்டிருந்தார். மின்சாரத்தால் ஓடும் மகிழுந்துகளுக்கு எடை குறைந்த பேட்டரி வேண்டும் என்பது அவர் கனவு. 1901இல் நிக்கல்-இரும்புக் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். இருவருக்கும் இடையே காப்புரிமைப் பூசல் எழுந்தது. பண வலிமை யார் பக்கம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. இன்று 'எடிசன் பேட்டரி' என்றால் பலருக்குத் தெரியும். யுங்னர் பெயரை நம் மாணவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நானே 40 வயதைக் கடந்த பிறகு, ஒரு கெட்டுப்போன சங்கின் புண்ணியத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவர் 1924இல், 55ஆம் வயதில் மறைந்தார்.

ஆனால், காரம் எடிசனையும் சும்மா விடவில்லை. பெரும் விளம்பரத்தோடு அவர் விற்ற முதல் கலங்கள் ஒழுகத் தொடங்கின. மின்தேக்கும் திறனும் குறைந்தது. எடிசன் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் போராடி, 1909இல்தான் திருத்திய கலத்தை வெளியிட்டார். அது மிக உறுதியான கலம். பல பத்தாண்டுகள் உழைத்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. கெட்டரிங்கின் மின்தொடக்கி பெட்ரோல் மகிழுந்தை எளிதாக்கிவிட, மின்மகிழுந்து சாலையிலிருந்து மறைந்தது. எடிசனின் கலம் இரயில்வே, சுரங்கம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த ஒழுகலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். என் வீட்டு நள்ளிரவு அலறலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு ஊர்ந்து செல்லும் குணம் உண்டு. நீர் பள்ளத்தை நோக்கித்தானே பாயும்? இது உலோகப் பரப்பைப் பற்றிக்கொண்டு மேலேயும் ஏறும். குறிப்பாக எதிர்முனைப் பக்கம் மெல்லிய படலமாகப் படர்ந்து, அடைப்பின் நூலிழை இடைவெளியிலும் நுழைந்து வெளியே வரும். வெளிக்காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சந்தித்தவுடன் பொட்டாசியம் கார்பனேட்டாக மாறி வெள்ளை உப்பைப்போல் பூத்து நிற்கும். பழைய பொம்மைகளையும் கடிகாரங்களையும் திறக்கும்போது கார மின்கலத்தைச் சுற்றிக் காண்கிறோமே, அதே வெள்ளைப் பூச்சுத்தான்.

காரக் கலத்தை முழுதாக மூட முடியாதிருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மின்னேற்றும்போது உள்ளே வாயு உண்டாகும். வெளியேற வழி இல்லையென்றால் கலம் வெடிக்கும். அந்த வாயுவை உள்ளுக்குள்ளேயே மீண்டும் வினைப்படுத்தி அடக்கிவிடும் வழியை 1947இல் கண்டவர் ஜெர்மானியர் கியோர்க் நொய்மான். இசைத்தட்டு நிறுவனங்களும் வானொலி நிலையங்களும் போற்றிய ஒலிவாங்கிகளைச் செய்தவரும் இவரே. யாருடைய கை எங்கே நீளும் என்று வரலாற்றில் கணிக்க முடிவதில்லை. நொய்மான் வழியால்தான் யுங்னரின் கலம் கையடக்கமாகி, எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் பாதகமில்லாததாகி, அவசரகால விளக்குகளுக்குள்ளும் கருவிகளுக்குள்ளும் புகுந்தது.

காட்மியம் நச்சு உலோகம். ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் சுரங்கக் கழிவிலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியம் வயல்வழி அரிசியில் ஏறி, மக்களின் எலும்புகளை நொறுக்கிய 'இத்தாய் இத்தாய்' நோயை அந்நாட்டு அரசு 1968இல் முறையாக ஏற்றது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பதே அந்நோயின் பெயர்ப் பொருள். காட்மியத்துக்கு மாற்றாக, ஹைட்ரஜனைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைக்கும் உலோகக் கலவையைப் பயன்படுத்தும் நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்கள் 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்தன. இதற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கர் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி; 1922இல் பிறந்தவர், கடைசல் பட்டறையில் வேலை தொடங்கியவர், கல்லூரிப் பட்டம் இல்லாதவர். காட்மியம் போனது. காரக் கரைசல் மட்டும் யுங்னர் வைத்த இடத்திலேயே இருந்தது.

இப்போது திருடர்களிடம் திரும்புவோம். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் மகிழுந்துத் திருட்டு உச்சத்தைத் தொட்டது. 1992ஐ மகிழுந்துக் குற்றத் தடுப்பு ஆண்டாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அன்றைய எச்சரிக்கைக் கருவிகள் பெரும்பாலும் பிரதானப் பேட்டரியையே நம்பியிருந்தன. கம்பியை வெட்டினால் போதும், மகிழுந்து ஊமையாகும். பெர்க்‌ஷயரில் தாச்சம் என்ற ஊரில் 1969 முதல் இயங்கும் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரப்பிரிவுகளை வகுத்தது. முதல் பிரிவில் இடம்பெற வேண்டுமானால், சங்கு தனக்கென்று தனி மின்கலம் வைத்திருக்க வேண்டும். கம்பி வெட்டப்பட்டால் அந்த வெட்டையே அபாயக்குறியாகக் கொண்டு தன் சொந்த பலத்தில் அது அலற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 1995இல் மகிழுந்துத் திருட்டுத் தடுப்புக்கான நெறிமுறையைப் புதுப்பித்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய மகிழுந்துகள் பல, நம் நாட்டுக்கும் இந்தத் தனிச்சங்கோடுதான் வந்தன.

தீ எச்சரிக்கைக்காகக் கலத்தைத் தேடிய யுங்னரின் வழித்தோன்றல், கடைசியில் ஓர் எச்சரிக்கைக் கருவிக்குள்ளேயே வந்து அமர்ந்தது. ஆனால் எந்த இடத்தில்? எந்திரத்தின் பக்கவாட்டிலோ சக்கர வளைவுக்குள்ளோ, வெப்பமும் சேறும் சூழ்ந்த மூலையில். குளிர்நாட்டிலேயே அதற்கு அது கடினமான வாழ்க்கை. நம் வெயிலைப்பற்றிச் சொல்லவா வேண்டும்? இடைவிடாத சிறு மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்து அடைப்பைத் தளர்த்த, காரம் ஊர்ந்து வெளியேறி மின்சுற்றுப் பலகையின் செப்புத் தடங்களைத் தின்னத் தொடங்கும். உப்புப் படலத்தின் வழியே மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போகும். கலமும் வலுவிழந்திருக்கும். சங்கோ, தன்னை யாரோ வெட்டுகிறார்கள் என்று எண்ணி அலறும். வெளியே திருடன் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். பயிற்சிக் கல்லூரியில் கற்ற ஈயப் பற்றவைப்பு கைகொடுத்தது. கையேட்டில் சொன்ன முறைப்படி மகிழுந்தின் பேட்டரி முனையை முதலில் கழற்றிவிட்டுச் சங்கை வெளியே எடுத்தேன். இம்முறை மகிழுந்துக்கு மகிழுந்து மாறும்; உங்கள் கையேட்டைப் பார்க்காமல் இறங்காதீர்கள். சங்கின் உறை திறக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருந்தது. மெல்லிய வாளால் விளிம்பைச் சுற்றி அறுத்தேன். வெளியே எடுத்துவிட்டதால் அடங்கிவிட்டது என்று நினைத்தால் ஏமாறுவோம். தனி மின்கலம் உள்ளே இருக்கிறதே! பாதி அறுக்கும்போது ஒருமுறை வீறிட்டது. காதில் பஞ்சு வைத்திருந்தது நல்லதாயிற்று. ஐரோப்பிய விதிகள் இத்தகைய சங்குக்கு 118 டெசிபல்வரை இடம் தருகின்றன.

உள்ளே, நினைத்தபடியே, வெள்ளைப் பூப்பு. மூன்று மூன்றாகக் கட்டிய ஆறு சிறு கலங்கள். நம் மாணவர்கள் படிக்கும் தொடர் மின்சுற்றேதான்: உலர் மின்கலம் ஒன்று 1.5 வோல்ட்டு தரும், இவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டு, ஆறு சேர்ந்து 7.2 வோல்ட்டு. அளவுமானியை வைத்தேன், ஒரு கட்டில் முள் எழவே இல்லை.

கையுறையும் கண்ணாடியும் அணிந்தே பழைய கலங்களைப் பிரித்தேன். அந்த வெள்ளைப் பொடியில் எஞ்சியிருக்கும் காரம் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். காரத்தை முறிக்க அமிலம் வேண்டுமல்லவா? சமையலறைக் காடியே போதும். பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தபோது நுரைத்து அடங்கியது. பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். ஒரு செப்புத் தடம் முற்றிலும் அரிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மெல்லிய கம்பியால் பாலம் போட்டேன்.

புதுக் கலங்கள் அதே வகை, அதே எண்ணிக்கை, அதே அளவாக இருக்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று லித்தியக் கலத்தை வைத்தால், நிக்கல் கலத்துக்கென அமைந்த மின்னேற்றச் சுற்று அதைத் தீப்பிடிக்க வைக்கக்கூடும். உலோக நாக்கு பொருத்திய கலங்களையே வாங்குங்கள். கலத்தின் உடலில் நேராகச் சுட்டுப் பற்றவைத்தால் அடைப்பு உருகி, எடிசனின் தொல்லை முதல் நாளே ஆரம்பமாகும். நேர்முனை, எதிர்முனை பார்த்துப் பொருத்தி, நீர் புகாதபடி சிலிக்கோன் பசையால் உறையை மூடினேன். கலங்களுக்கும் பசைக்கும் ஆன செலவு நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கியது.

பழைய கலங்களைக் குப்பைத்தொட்டியில் போடவில்லை. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் காட்மியம், நிக்கல், பாதரசம், லித்தியம் கொண்ட பேட்டரிக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 103 என்று தனிக் குறியீடே இருக்கிறது. வீட்டுக் கழிவுதானே என்று விட்டுவிட மனமில்லாமல், மூடியுள்ள போத்தலில் இட்டு மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தேன்.

சங்கை மாட்டி ஓர் இரவு முழுவதும் மின்னேற விட்டேன். ஞாயிறு மாலை சோதிக்க வேண்டியிருந்தது. சோதனை என்றால் திருடன் செய்வதைச் செய்வதுதான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, அம்மாகிட்ட சொல்லுங்க, இப்ப ஒரே ஒரு தடவ கத்தும். நாந்தான், பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றேன். மகிழுந்தைப் பூட்டி எச்சரிக்கை முடுக்கப்பட்ட பின், முன்கூட்டியே திறந்துவைத்திருந்த எந்திர மூடிக்குள் கைவிட்டுப் பேட்டரி முனையைக் கழற்றினேன். விளக்குகள் அணைந்தன. ஒரு கணம் அமைதி. பிறகு சங்கு தன் சொந்த பலத்தில் அலறியது. ஏறக்குறைய அரை நிமிடம் அலறித் தானே அடங்கியது.

சன்னலுக்கு அருகே நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மா, "இப்பதான் கண்ணு கொரலு நல்லா இருக்கு" என்றார்.